பத்து நாள் லீவும் ஒன்பது மூலை ஏரியும்

"நாளைலேருந்து பத்து நாளைக்கு ஆபீஸ் பக்கமே வராதீங்க" என்று உங்கள் மேலதிகாரி சொன்னால் என்ன நினைப்பீர்கள்? மற்ற இடங்களில் வயிற்றைக் கலக்கும். வங்கியில் அதற்குப் பெயர் கட்டாய விடுப்பு. டிரெஷரி, கரன்சி செஸ்ட் மாதிரி முக்கியமான சீட்டுகளில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு தடவை, சேர்ந்தாற்போல் பத்து வேலை நாட்கள், முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021-ல் இதைத் திருத்தித் திரும்ப வெளியிட்டார்கள். அந்தப் பத்து நாளும் ஆபீஸ் மெயிலைத் தவிர எதையும் தொட முடியாது. நாம் எதையாவது ஒளித்து வைத்திருந்தால், நம் சீட்டில் இன்னொருத்தர் உட்காரும்போது அது வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. அதாவது சந்தேகத்தின் பேரில் கிடைக்கிற ஓய்வு. ஆனால் எங்கள் வங்கியில் லீவு மட்டும் நம் கணக்கிலிருந்துதான் கழியும் :-)

எனக்கு அந்த ஓலை வந்தது 2024 நவம்பர் 18, திங்கள்கிழமை சாயங்காலம். டெல்லிக்காரர்களுக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்கும். அன்றைக்குக் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. மயூர் விஹாரில் எங்கள் பால்கனியிலிருந்து எதிர் பிளாக் தெரியவில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது தவிர மற்ற வகுப்புகளை எல்லாம் அன்றிலிருந்து ஆன்லைனுக்கு மாற்றியிருந்தார்கள். ஒன்பதாவது படிக்கிற மகள் இருமிக்கொண்டே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். "பத்து நாளா? அப்ப ஊருக்கு டிக்கெட் பாக்கணுமே" என்று சொன்னது நான்தான். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

வங்கியில் சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வெளியே வந்து பதினெட்டு வருடம். நாக்பூர், லக்னோ, இப்போது டெல்லி. இந்தப் பதினெட்டு வருடத்தில் எடுத்த லீவுகள் எல்லாம் எங்கே போயின என்று யாராவது ஸ்டேட்மெண்ட் எடுத்துக் கொடுத்தால் ஒரே மாதிரி என்ட்ரிகளாகத்தான் இருக்கும். தங்கச்சி கல்யாணம். அவள் பிரசவம். அந்தக் குழந்தைக்குக் காது குத்து. அப்பாவுக்கு ஆபரேஷன். அப்பா காரியம். அப்பாவின் வருஷத் திதி. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. சித்தப்பா மகன் கல்யாணம். ஒவ்வொரு தடவையும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 33 மணி நேரம், அப்புறம் சென்னையிலிருந்து ஒரு ராத்திரி, அப்புறம் டவுன் பஸ். திரும்பி வந்தால் உடம்பு தேற இன்னொரு லீவு தேவைப்படும். வங்கி அதிகாரிகளுக்கு நாலு வருடத்தில் ஒரு பாதிக்குச் சொந்த ஊர் போக, மறு பாதிக்கு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகப் பயணப்படி உண்டு. கூட வேலை பார்ப்பவர்கள் அதில் அந்தமான், லே என்று போய்விட்டு வந்து ஃபோட்டோ காட்டுவார்கள். நான் இரண்டு பாதியையும் சொந்த ஊருக்கே எழுதிக் கொடுப்பேன். ஃபாரத்தில் 'ப்ளேஸ் ஆஃப் டொமிசைல்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எங்கள் கிராமத்தின் பெயரை எழுதும்போது ஒரு திருப்தி. அது ராமநாதபுரம் ஜில்லா. அரசு வேலையில் இருப்பவர்களைப் பயமுறுத்த 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்களே, அந்தக் காடு எங்கள் ஊர்தான்.

அங்கே இப்போது அம்மா தனியாக இருக்கிறாள். வயது 74. டெல்லிக்கு இரண்டு தடவை வந்தாள். இரண்டாவது தடவை பதினோராம் நாளே, "என்னைய ரயிலேத்தி விட்ருய்யா" என்று சொல்லிவிட்டாள். தப்பு சொல்ல முடியாது. மூன்றாவது மாடி, பக்கத்து வீட்டில் பேச ஆள் இல்லை, கதவைத் திறந்து வைக்க முடியாது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். லீவு விஷயத்தைச் சொல்லத்தான் போட்டேன். அதற்கு முன்னால் அவளே, "காத்திகைக்காச்சும் வருவியாய்யா? லீவு குடுப்பாகளா?" என்று கேட்டாள். தங்கமணி எதிரில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. உருளை மட்டும் நின்றுவிட்டது.

"பாக்குறேம்மா. ஆபீஸ்ல ஆடிட்டு" என்றேன்.

அம்மாவிடம் நான் பெரிய யோக்கியன் ஒன்றும் இல்லை. சுகர் இருப்பதை மூன்று வருடம் சொல்லாமல் இருந்தவன். ஆனாலும் லீவு விஷயத்தில் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. ஃபோனை வைத்த பிறகு தங்கமணி பேசினாள். சண்டை இல்லை; சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"உங்களுக்கு ஊருக்குப் போனா லீவு. எனக்கு அங்க போனா சமையலறை மாறுது, அவ்வளவுதான். இங்க மூணு பேருக்குச் சமைக்கிறேன், அங்க பதிமூணு பேருக்கு. நீங்க திண்ணையில உக்காந்து பேசிட்டு இருப்பீங்க. அத்தை நல்லவங்கதான், நான் குறை சொல்லல. அவங்களும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறாங்க, நானும் எந்திரிக்கிறேன். பதினேழு வருஷத்துல ஒரு நாளாவது நான் ஏழு மணி வரைக்கும் தூங்கினதை நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை. டைஃபாய்டு வந்தபோதுகூட.

"எங்கயாவது தண்ணி இருக்கிற இடமா போகணும். மலையா இருந்தா நல்லது, இந்தப் புகை இருக்காது. யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஒண்ணையும் சுத்திப் பாக்க வேண்டாம். அஞ்சு நாள்."

சரி என்று உடனே லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் போட ஆரம்பித்தேன். வியாதி அப்படி. டெல்லிக்குப் பக்கத்தில் மலை ஏரி என்றால் முதலில் வருவது நைனிதால். முதல் நாள் நைனா தேவி கோயில், படகு, ரோப்வே. இரண்டாம் நாள் கைஞ்சி ஆசிரமம், ராணிகேத். மூன்றாம் நாள் முக்தேஷ்வர். நான்காம் நாள் அல்மோரா, அங்கே பால் மிட்டாய் வாங்குவது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் கிலோமீட்டர், புறப்படும் நேரம், உத்தேசச் செலவு. பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது லீவா, இன்ஸ்பெக்‌ஷனா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நியாயமான கேள்விதான். நைனிதாலுக்கு நாங்கள் 2014 ஜூனில் ஒரு தடவை போயிருக்கிறோம், ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு. பவாலிக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை. ஏரியைப் பார்த்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் காலை மால் ரோடில் நடந்தால் பாண்டி பஜார் தீபாவளிக் கூட்டம். அது நல்ல ஏரி இல்லை என்று சொல்லவில்லை. 6,300 அடி உயரத்தில் அப்படி ஒரு தண்ணீரைச் சுற்றி ஒரு ஊரே இருப்பது அதிசயம்தான். ஆனால் அந்த ஊர் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். 2017 கோடையில் ஏரியின் ஓரங்கள் வறண்டு மண் திட்டுகள் தெரிந்த படங்களைப் பேப்பரில் பார்த்தபோது எங்கள் ஊர்க் கண்மாயைப் பார்த்த மாதிரியே இருந்தது.

நைனிதாலுக்குக் கீழே, அதே ஜில்லாவில், இன்னும் பல ஏரிகள் உண்டு. பீம்தால், சாத்தால், நௌகுசியாதால். கூட்டம் முழுவதையும் நைனிதால் வாங்கிக்கொள்வதால் இவை தப்பித்தன. பீம்தால் பெரிது, நடுவில் ஒரு தீவு, கரையில் பழைய அணை, ஆனால் ஏரியைச் சுற்றி ஊரும் கடைத்தெருவும் வந்துவிட்டது. சாத்தால் காட்டுக்குள் இருக்கிறது, பறவை பார்ப்பவர்களுக்குச் சொர்க்கம், ஆனால் மகளின் ஆன்லைன் வகுப்புக்கு சிக்னல் வேண்டுமே. ஏரிக்கரைக்குப் போய் முதலில் விசாரித்தது மொபைல் டவரைப் பற்றி என்றால் சிரிப்பீர்கள். எங்கள் தேர்வை முடிவு செய்தது அதுதான்.

நௌகுசியாதால் என்றால் ஒன்பது மூலை ஏரி. கிட்டத்தட்ட 4,000 அடி உயரம், நம் ஏற்காட்டை விடக் கொஞ்சம் குறைவு. அதனால் நவம்பர் கடைசியிலும் குளிர் தாங்கும். பீம்தாலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ஒன்பது மூலையையும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு முக்தி கிடைக்கும் என்று அங்கே சொல்வார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் இரண்டு மூலையாவது மறைந்துவிடும், ஆகையால் யாரும் அவசரப்பட்டுக் கவலைப்பட வேண்டாம். தங்குவதற்கு நம்ம ஊர் தமிழ்நாடு ஹோட்டல் மாதிரி குமாவுன் மண்டல் விகாஸ் நிகாம் விடுதி ஏரியை ஒட்டியே இருக்கிறது. தனியார் விடுதிகளும் உண்டு. மே, ஜூன் மாதிரி இல்லாமல் நவம்பர் வார நாட்களில் விலை குறைத்தே கேட்கலாம். கேட்டேன். குறைத்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். பழைய டெல்லி ஸ்டேஷனிலிருந்து ராணிகேத் எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்து மணி வாக்கில். விடிவதற்குள் காத்கோதாம். ரயில் பாதை அங்கே முடிந்துவிடும், அதற்கு மேல் மலை. டாக்சியில் ஒரு மணி நேரத்தில் ஏரிக்கரை. சொந்தக் காரில் போகலாம்தான், சுமார் 300 கிலோமீட்டர். ஆனால் அந்த வாரம் பழைய டீசல் வண்டிகளை ரோட்டில் விடவில்லை. எங்கள் வண்டியும் அந்தச் சாதிதான்.

சாமான் கட்டும்போது தங்கமணி எலெக்ட்ரிக் குக்கரைக் கையில் எடுத்தாள். ரயில் பயணத்துக்கு எடுத்துப் பழகிய கை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தாள். புளிக்காய்ச்சல் பாட்டில் மட்டும் எப்படியோ பைக்குள் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை போய்ச் சேர்ந்தோம். காத்கோதாமில் இறங்கியவுடன் மகள் மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள். இருமல் நின்றது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது. ஏரியைப் பற்றி ரொம்ப வர்ணிக்க எனக்கு வராது. பி.காம். படித்தவன். பச்சைத் தண்ணீர், சுற்றிலும் மரம் அடர்ந்த மலை, காலையில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஆவி, படகுக்காரர்கள் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்கள். விடுதியில் மண்டுவா ரொட்டி போட்டார்கள். பெயரைக் கேட்டு என்னமோ என்று நினைத்தால் நம்ம கேப்பை! கூட பட் என்கிற கறுப்பு சோயாவில் ஒரு குழம்பு. புளிக்காய்ச்சலைத் திறக்கவே இல்லை.

ஆனால் எனக்கு சும்மா இருக்க வரவில்லை. இதை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் மதியத்துக்குள் ஏரியை ஒரு பக்கமாகப் பாதி சுற்றி வந்துவிட்டேன். படகுக்கு ரேட் விசாரித்தேன். விடுதி மேனேஜரிடம் எத்தனை அறை, எத்தனை மாதம் சீசன் என்று கேட்டு அவருடைய லோன் கட்டி வருமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாலு மணிக்கு ஆபீஸ் மெயிலைப் பார்த்தேன். என் சீட்டில் உட்கார்ந்தவர் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அது வேறு லேசாக வருத்தமாக இருந்தது. தங்கமணி அதே நாற்காலியில் அதே சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். என்ன பார்க்கிறாய் என்றேன். "ஒண்ணும் பாக்கல" என்றாள். அதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ நகை வாங்கிய மாதிரி.

அன்று ராத்திரிதான் செய்தி பார்த்தேன். முந்தின நாள், 20-ம் தேதி, ராமேஸ்வரத்தில் மேக வெடிப்பு மழை. ஒரே நாளில் 40 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியிருக்கிறது. எங்கள் கிராமம் அங்கிருந்து தூரம்தான், ஆனாலும் அதே ஜில்லா. ஓட்டு வீடு. பின்பக்கச் சுவர் மண் சுவர். அம்மா தனியாக. நான் இரண்டாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஆடிட்டில் இருக்கிறேன். ஃபோன் போட்டேன், டவர் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. தங்கமணியை எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன். எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் அவளுக்கு அந்த ஐந்து நாளும் போயிருக்கும். பன்னிரண்டு மணிக்கு மதுரை விமான டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவே கூப்பிட்டாள். மணி எட்டரை இருக்கும்.

"ஐயா, ஃபோன் போட்டியாமே? கரண்டு இல்ல. இப்பதேன் வந்துச்சு."

"வீடு எப்படிம்மா இருக்கு? செவரு?"

"செவரெல்லாம் கெடக்கு. இங்க அம்புட்டு மழை இல்லய்யா. ஆனா நம்ம கம்மா பெருகிருச்சு. முக்காக் கம்மா. ஊரே கரையில நிக்கிது. நானும் காலைல போயிப் பாத்துட்டு வந்தேன்."

எங்கள் ஊரில் கண்மாய் பெருகினால் அப்படித்தான். யாரும் கூப்பிட வேண்டாம். வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் கரைக்குப் போவோம். சும்மா நிற்போம். அப்பா என்னைத் தோளில் வைத்துக் காட்டியிருக்கிறார். தண்ணீர் கலுங்கு ஏறி மறுகால் போகிற வருடம் என்றால் ராத்திரி கூட அரிக்கேன் விளக்கோடு போய்ப் பார்ப்பார்கள்.

"அங்கென்னய்யா சத்தம்? வாத்தா?"

படகுத்துறையில் நாலைந்து வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. நான் ஒரு நொடி ஆபீஸ், கேண்டீன், டிவி என்று என்னென்னவோ யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். லீவு கிடைத்தது, பத்து நாள், மலைக்கு வந்திருக்கிறோம், ஒரு ஏரி. ஆடிட்டு இல்லை.

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பத்து நாளா" என்றாள்.

"ஆமாம்மா."

"ஏரின்னா நம்ம கம்மா மாதிரியா?"

"அதைவிட ஆழம். சுத்தி மலை."

"எதுக்குப் பாயுது அம்புட்டுத் தண்ணியும்?"

"தெரியலம்மா. நாங்க சும்மா பாக்கத்தான் வந்தோம்."

மறுபடி கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கோபமா, வருத்தமா, கண்மாயைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தில் எதுவும் பெரிதாகப் படவில்லையா, எனக்குப் பிடிபடவில்லை. அம்மா எப்போதுமே அப்படித்தான். அப்பா செத்த அன்றைக்கே வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டவள்.

"பிள்ளை சாப்பிட்டுச்சா?"

"கிளாஸ்ல இருக்கா. கேப்பை ரொட்டி சாப்பிட்டா."

"கேப்பையா? அங்கயுமா?" என்று முதல் தடவையாகக் குரல் மாறியது. "மருமக என்ன செய்யிது?"

திரும்பி மாடி ஜன்னலைப் பார்த்தேன். திரை இன்னும் போட்டே இருந்தது.

"இன்னும் எந்திரிக்கலம்மா. தூங்குறா."

"மணி எட்டரையாச்சே."

"ஆமா."

"சரி, தூங்கட்டும். எழுப்பாத" என்றாள். "மோட்டார் போட ஆள் வந்திருக்கு, வச்சிரட்டா?"